வலது ஓரத்து விரல்கள்

அம்மா ஆல்பத்தை விரித்து, ஒரு படத்தின் மேல் விரலை வைத்து, "இது யாரு கை?" என்று கேட்ட இடத்தில்தானே போன வாரம் நாம் பிரிந்தோம்? அந்த விரல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்தக் குடும்பத்துக்கு ஸ்டுடியோதான் சோறு போடுகிறது. அப்பா ஆரம்பித்தது, அவர் ஓய்ந்த பிறகு அக்கா எடுத்து நடத்துகிறாள். கேமரா அக்காவின் பொறுப்பு, கம்ப்யூட்டர் தம்பியின் பொறுப்பு. தம்பியை வீட்டில் சின்னவன் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது தாண்டி, காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகும் அவன் சின்னவன்தான். அம்மா அப்பாவின் நாற்பதாவது கல்யாண நாளுக்கு உறவெல்லாம் வீட்டில் கூடியது. அக்கா படம் எடுத்தாள், சின்னவன் ஆல்பம் போட்டான். ஒரு வாரமாக வந்தவர் போனவர் எல்லோரும் அதைப் புரட்டிவிட்டு, பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அம்மா விரல் வைத்த படத்தில் வீட்டு ஆட்கள் மட்டும்தான். அப்பாவும் அம்மாவும் நாற்காலியில், பின்னால் சின்னவனும் அவன் மனைவியும். அம்மாவின் தோளில் நாலு விரல். விரலுக்குப் பின்னால் கை இல்லை, கைக்குப் பின்னால் ஆள் இல்லை.

"என் கைதாம்மா," என்றாள் அக்கா. கடைக்குக் கிளம்பி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"கை சரி. நீ எங்கடி?"

"ஃப்ரேம் வெச்சதுல தப்பு பண்ணிட்டேன். நான் நின்ன இடம் வெளிய போயிடுச்சு."

அம்மா பக்கங்களைப் புரட்டினாள். முதலில் நிதானமாக, பிறகு வேகமாக, கடைசியில் ஆல்பத்தையே கிழித்துவிடுவாள் போல. "ஒண்ணுலகூட நீ இல்லையேடி!"

"எல்லாம் ஒரே ஸ்டாண்டுல வெச்சு எடுத்தது. ஒண்ணு தப்புன்னா எல்லாமே தப்பு."

"இத்தனை வருஷமா ஊருக்கெல்லாம் படம் எடுக்கறே. சொந்த வீட்டு விசேஷத்துல கண்ணை எங்க வெச்சிருந்தே? பார்க்கறவங்க என்ன நெனப்பாங்க? பெத்த பொண்ணை ஒதுக்கி வெச்சுட்டாங்கன்னு பேச மாட்டாங்களா? தொழில் தெரிஞ்சவ செய்யற வேலையா இது?"

"சரிம்மா. தப்புதான்."

பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பா சமாதானத் தூதுவராகத் தலையை நீட்டினார். "இதுக்கு எதுக்கு இவ்வளவு சத்தம்? அதான் கம்ப்யூட்டர் இருக்கே. சின்னவன் சேர்த்துட மாட்டானா?"

சின்னவன் அம்மாவுக்குப் பக்கத்தில், அவள் முழங்கை இடிக்கிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். கையில் டீ டம்ளர். குடித்து முடித்த டம்ளரை மறுபடியும் வாய்க்குக் கொண்டுபோனான். வேறெங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அக்கா ஃப்ரேம் தப்பாக வைக்கவில்லை. அது அக்காவுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

நடந்தது இதுதான். கல்யாண நாளுக்குச் சில நாள் முன்னால் ஒரு கம்பெனி விழாவுக்குப் படம் எடுத்தார்கள். மேடையின் வலது ஓரத்தில் மண்டபத்துக்காரர் தன் விளம்பரப் பலகையை நட்டு வைத்திருந்தார். எந்தப் படத்தை எடுத்தாலும் அந்தப் பலகை பல்லை இளித்தது. எல்லாவற்றிலும் அதைத் தூக்கிவிடுங்கள் என்றார்கள் கம்பெனிக்காரர்கள். நூற்றுக்கணக்கான படம், ஒவ்வொன்றாக வெட்டினால் கண் பூத்துப்போகும். சின்னவன் ஒரே ஒரு படத்தைத் திறந்தான். எடிட்டிங் சாஃப்ட்வேரில் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினான். வலது ஓரத்தில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டினான், வெளிச்சத்தைத் தூக்கினான், கலரைச் சரிசெய்தான், அதே படத்தின் மேலேயே சேமித்து மூடினான். இப்படிப் பதிந்து வைப்பதற்கு ஆக்‌ஷன் என்று பேர். மிச்சப் படங்கள் இருந்த ஃபோல்டரைக் காட்டி ஓட்டிவிட்டால், அவன் செய்தது எல்லாவற்றையும் அதுவே வரிசையாகச் செய்துகொள்ளும். டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் வேலை முடிந்திருந்தது. மூன்று நாள் அதே பெருமையைப் பேசித் திரிந்தான்.

கலர் நன்றாக வந்திருந்ததே என்று வீட்டுப் படங்களுக்கும் அதையே ஓட்டினான். அந்தப் பட்டியலில் வெட்டுகிற படிக்கு எதிரே இருக்கும் டிக் அடையாளத்தை மட்டும் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. பலகை நின்ற இடத்தில் இந்த முறை அக்கா நின்றாள். அவள் எப்போதும் வலது ஓரம்தான். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, டைமரைத் தட்டிவிட்டு ஓடி வருகிறவளுக்கு நடுவிலா இடம் பிடித்து வைத்திருப்பார்கள்?

அசல் படங்களை முதலில் தனி டிஸ்க்கில் போட்டு வைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்பது அக்காவின் சட்டம். வாடிக்கையாளர் வேலைக்கெல்லாம் அவன் ஒழுங்காகச் செய்வான். இது வீட்டு வேலைதானே என்று விட்டுவிட்டான். கேமராவின் மெமரி கார்டையும் மறுநாள் வேலைக்காக அன்றைக்கே அழித்தாயிற்று.

காலையில் அம்மா பக்கங்களைப் புரட்டிய வேகத்திலேயே அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வாயைத் திறந்திருக்கலாம். அதற்குள் அக்கா தானாக வந்து பழியைத் தூக்கித் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் அதை அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

"ஏங்க, உங்க மூஞ்சி ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

அறைக்குள் வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். ஓயாமல் பேசுவதால் அக்கா அவளுக்கு ரேடியோ என்று பேர் வைத்திருந்தாள். அந்தப் பேர் அவளுக்குப் பிடித்தும் போயிருந்தது. ரேடியோவிடம் எதையும் மறைக்க முடியாது. சின்னவன் சொன்னான்.

கேட்டுவிட்டு ரேடியோ கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அதுவே அவனுக்குப் பாதி உயிரை எடுத்துவிட்டது.

"அண்ணி அங்க பாட்டு வாங்கிட்டு இருந்தாங்க. நீங்க வெறும் டம்ளரை உறிஞ்சிட்டு நின்னீங்க."

"அவளே சொல்லும்போது நான் என்ன..."

"இப்பவே போய் அத்தைகிட்ட சொல்லுங்க."

"சாயங்காலம் சொல்றேன். முதல்ல படத்தைச் சரிபண்ணிட்டு, அதையும் காட்டிச் சொன்னா நல்லா இருக்கும்."

"சாயங்காலம்தான் அண்ணி அந்த லேபுக்குப் பதில் சொல்லணும். ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமல் என்ன? வேறு ஊரில் இருக்கும் பெரிய பிரிண்டிங் லேப் ஒன்று, கலர் பிரிவு முழுவதையும் அக்கா கையில் ஒப்படைக்கக் காத்திருந்தது. ஒரு மாதமாக அவள் இழுத்தடித்துக்கொண்டிருந்தாள். 'அம்மாவுக்கு நான் இல்லாம ஆகாது, சின்னவனுக்குக் கேமரா பிடிக்க வராது, முடியாதுன்னு சொல்லிடறேன்' என்று போன வாரம்தான் சொன்னாள். அந்தப் 'போன வாரம்' ஆல்பம் வருவதற்கு முன்னாலா பின்னாலா என்று சின்னவன் யோசித்துப் பார்த்தான். முன்னால்தான். அதற்கப்புறம் மனசு மாறியிருந்தால்?

கடைக்குப் போனபோது அக்கா ஒரு வாடிக்கையாளருக்கு பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். மனிதருக்கு நெற்றி உச்சி வரை ஏறியிருந்தது.

"மேடம், முன்னாடி கொஞ்சமா முடி வெச்சுக் குடுத்துடுங்க. பழைய படத்துல இருந்துச்சு."

"விமான நிலையத்துல நிறுத்தி முடி எங்கன்னு கேப்பாங்க சார். பதில் வெச்சிருக்கீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். அக்காவும் சிரித்தாள். காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தாள். இவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று நினைத்துக்கொண்டே சின்னவன் கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தான்.

அழிந்த படங்களை மீட்கிற சாஃப்ட்வேரை மெமரி கார்டில் ஓட்டிப் பார்த்தான். கார்டில் அதற்கப்புறம் ரெண்டு வேலை ஏறிவிட்டது, ஒன்றும் தேறவில்லை. சரி, அப்பா சொன்ன மாதிரி சேர்த்துவிடலாம். அக்காவின் படம் ஒன்று வேண்டும், அவ்வளவுதானே?

டிஸ்க் டிஸ்க்காகத் தேடினான். ஊரில் பாதிப் பேரின் முகம் அங்கே இருந்தது. யார் யாருக்கோ பிறந்த குழந்தைகள், யார் யாருக்கோ நடந்த கல்யாணங்கள், ஒரு நாய்க்குட்டியின் பிறந்த நாளுக்கு மட்டும் ஒரு முழு ஃபோல்டர். அக்காவின் படம் ஒன்றுகூட இல்லை. கடைசியில் ஒரு லைட் டெஸ்ட் படம் அகப்பட்டது. மணப்பெண் வருவதற்கு முன் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்க, அக்காவே போய் அந்த இடத்தில் நின்றுகொள்வாள், சின்னவன் அழுத்துவான். அப்படி எடுத்தது. தோளில் லென்ஸ் துடைக்கிற துணி, கலர் சரிபார்க்க ரெண்டு கையிலும் பிடித்த சாம்பல் நிற அட்டை, சீக்கிரம் அழுத்தித் தொலையேன்டா என்கிற பார்வை. வழக்கமாக முதல் வேலையாக அழித்துவிடும் படம் இது. எப்படியோ தப்பித்திருந்தது.

சின்னவனுக்கு உயிர் வந்தது. அக்காவின் உருவத்தைப் பொறுமையாகக் கத்தரித்து எடுத்தான். ஆல்பத்தின் முதல் குடும்பப் படத்தைத் திறந்து, வலது பக்கம் இடத்தை நீட்டி, சுவரை நிரப்பி, அக்காவைக் கொண்டுபோய் நிறுத்தினான். பரவாயில்லாமல் இருந்தது.

பழக்கம் யாரை விட்டது? இதையெல்லாம் அவன் ரெக்கார்ட் பட்டனை அழுத்திவிட்டுத்தான் செய்திருந்தான்.

மிச்சப் படங்களுக்கும் ஓட்டினான். ஒரு கொட்டாவி விடுகிற நேரத்தில் எல்லாப் படத்திலும் அக்கா வந்து நின்றாள். பிரிண்ட் போட்டான். சூடு ஆறாத படங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு, பரீட்சையில் நல்ல மார்க் வாங்கிய பையன் மாதிரி அக்காவின் முன்னால் கொண்டுபோய் வைத்தான்.

"அக்கா, சரிபண்ணிட்டேன். பாரு."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முதல் படம். ரெண்டாவது படத்தில் பெரியப்பா எதற்கோ வாய்விட்டுச் சிரிக்க, சுற்றி இருந்தவர்களெல்லாம் குலுங்க, ஓரத்தில் அக்கா கலர் அட்டையோடு முறைத்துக்கொண்டு நின்றாள். மூன்றாவதில் எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மட்டும் விளக்குக் கம்பம் போல நின்றாள். அதே முறைப்பு, அதே அட்டை. அம்மாவின் தோளில் விரல்கள் இருந்த படம் வந்தது.

அக்கா பக்கென்று சிரித்துவிட்டாள். "டேய், இங்க பாருடா. எனக்கு மூணு கை! அட்டையைப் பிடிச்சுக்க ரெண்டு, அம்மா தோள்ல ஒண்ணு. வேலைக்கு ஆகும்டா, ரொம்ப வசதி."

சின்னவனும் சிரித்தான். சிரித்துவிட்டாள் என்றால் மன்னித்துவிட்டாள் என்று அவன் மனசு கணக்குப் போட்டது.

அக்கா மிச்சப் படங்களையும் பார்த்தாள். சிரிப்பு எந்தப் படத்தில் நின்றது என்று சொல்ல முடியாது. கடைசிப் படத்தை அடுக்கின் மேல் வைத்து, ஓரங்களைத் தட்டிச் சமமாக்கினாள்.

"இதையும் ரெக்கார்ட் பண்ணித்தான் ஓட்டினியா?"

சின்னவன் தலையாட்டினான்.

"ஒரு படத்துக்காவது உக்காந்து கையால பண்ணியிருக்கலாம்லடா," என்றாள். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி இருந்தது.

"அக்கா, அது வந்து... கம்ப்யூட்டர் பண்ணின கோளாறு. முதல்ல ஆல்பம் போட்டப்போ அது தானா வெட்டி..."

பாதியில் நிறுத்தினான். இதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் தன்னையே தனக்குப் பிடிக்காமல் போய்விடும் என்று தோன்றியது. அவ்வளவு கேவலமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

"இல்லக்கா. அது ஓடும்போது நான் எதிர்லயேதான் உக்காந்திருந்தேன். ஒவ்வொரு படமா வெட்டி வெட்டிப் போறதைப் பார்த்துட்டுதான் இருந்தேன். எல்லாம் நல்லா நடுவுல கச்சிதமா வருதேன்னுதான் நெனச்சேன். உன்னைக் காணோம்னு எனக்குத் தோணவே இல்லை."

"தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆல்பம் வந்த அன்னிக்கே பார்த்துட்டேன்டா. ஒரு வாரமா அது கூடத்துலதான கெடந்துச்சு? யாராவது கேப்பீங்கன்னு பார்த்தேன். வந்தவங்க பார்த்தாங்க, அப்பா பார்த்தார், அம்மா தினமும் பார்த்தா. இன்னிக்குக் காலையிலதான் வாயைத் திறந்தா." அக்கா தோளில் கிடந்த துணியை எடுத்து, சுத்தமாகவே இருந்த லென்ஸைத் துடைத்தாள். "அதுவும் விரலைத்தான் கேட்டா. ஆளைக் கேக்கலை."

சின்னவனுக்கு அழுகை வந்தது. ஆனால் அழுதால் அவளே எழுந்து வந்து தேற்றுவாள். அது இன்னும் அசிங்கம் என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

"அப்புறம் ஏன்க்கா அம்மாகிட்ட உன் தப்புன்னு சொன்னே?"

"பழக்கம்," என்றாள் அக்கா. "நீ மட்டும்தான் பழக்கத்துல ஓட்டுவியா?"

மாலை வெயில் கடைக் கண்ணாடியில் சாய்ந்தபோது அக்காவின் போன் அடித்தது. லேப்காரர். அக்கா போனை எடுத்துக்கொண்டு உள்ளே ஸ்டுடியோ அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். படம் எடுக்கிற அறை. வெளிச்சமும் போகாது, சத்தமும் வராது. அப்பா பார்த்துப் பார்த்துக் கட்டியது. அதை அவ்வளவு நன்றாகக் கட்டியிருக்க வேண்டாம் என்று சின்னவனுக்குத் தோன்றியது.

வாசல் மணி சத்தம் போட்டது. அம்மா வந்தாள்.

"பெரியவ கண்ணாடியை வெச்சுட்டுப் போயிட்டா," என்று கைப்பையிலிருந்து ஒரு கண்ணாடிக் கூட்டை எடுத்தாள். அக்கா மாற்றுக் கண்ணாடி ஒன்றைக் கடையிலேயே வைத்திருப்பது அம்மாவுக்குத் தெரியாததல்ல. சின்னவன் பார்த்ததும் அம்மா பார்வையைத் திருப்பிக்கொண்டாள். "காலையில கொஞ்சம் கூடப் பேசிட்டேன்டா. மனசு கேக்கலை. எங்க அவ?"

"உள்ள. போன்ல."

"அந்த லேப்தானே? வேண்டாம்னுதானே சொல்லிட்டிருக்கா?" அம்மா கதவைப் பார்த்தாள். "இல்ல, நான் திட்டினதை மனசுல வெச்சுக்கிட்டு ஏதாவது... என்ன இருந்தாலும் அவ தப்பு அவளுக்கே தெரியும். படம் எடுக்கறவ ஃப்ரேமைப் பார்க்க வேணாமா?"

இதற்கு மேல் தள்ளிப்போட இடமில்லை.

"அம்மா, அக்கா ஃப்ரேம் சரியாத்தான் வெச்சா. ஓரத்தை வெட்டினது நான்."

"வெட்டினியா? எதுக்குடா?"

"வேணும்னு இல்லம்மா. வேற ஒரு வேலைக்குப் பதிஞ்சு வெச்சிருந்த வெட்டு. அதை எடுக்காம நம்ம படத்துக்கும் ஓட்டிட்டேன். ஓடினப்போ பார்த்துட்டேதான் இருந்தேன். அக்கா இல்லைன்னு எனக்குத் தெரியவே இல்லை. அசலும் இல்லம்மா. எல்லாம் போயிடுச்சு."

அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் கொஞ்சம் பாரம் இறங்கும். அம்மா வாடிக்கையாளர்கள் உட்காரும் பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தாள். கண்ணாடிக் கூட்டைத் திறந்து மூடினாள், திறந்து மூடினாள்.

"நானும்தான் ஒரு வாரமா புரட்டினேன்," என்றாள். "என் புடவை நல்லா விழுந்திருக்கான்னு பார்த்தேன். உங்கப்பா வயிறு தெரியுதான்னு பார்த்தேன்."

கூட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"காலையில அவளை அத்தனை பேச்சுப் பேசினேனேடா. தொழில் தெரியாதவன்னுகூடச் சொன்னேன். அப்ப நீ எங்க இருந்தே?"

"பக்கத்துலதாம்மா நின்னேன்."

அம்மா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பெற்ற பிள்ளையை அப்படி ஒரு பார்வை அவள் இதுவரை பார்த்ததில்லை, அவனும் வாங்கியதில்லை. அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் நன்றாக இருக்கும் என்று சின்னவன் மனசார நினைத்தான்.

உள்ளறைக் கதவு திறந்தது. அக்கா வெளியே வந்தாள். அம்மாவைப் பார்த்தாள், அம்மாவின் கண்ணைப் பார்த்தாள், தம்பியின் கவிழ்ந்த தலையைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"முதல் தேதி வந்து சேரச் சொல்றாங்க," என்றாள். போனை மேசை மேல் வைத்தாள். "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

வெளியே தெருவில் யாரோ கடைப் பலகையைப் படித்துவிட்டு உள்ளே வரலாமா என்று தயங்கினார்கள். பிறகு போய்விட்டார்கள்.

"கேக்கறேன்," என்றாள் அக்கா. "போகட்டுமா?"

போகாதே என்ற ஒற்றை வார்த்தை அம்மாவின் தொண்டை வரை வந்தது. சின்னவனின் தொண்டையிலும் அதுவேதான் நின்றது. அதைச் சொல்ல ரெண்டு பேருக்கும் அன்றைக்கு முகம் இல்லை. அக்கா பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.